பிரேக் ஆயிலும் ஊழும்

என் வீட்டு வாசலில் நிற்கும் காடிக்கு 24 வயது. 2001இல் பதிவான புரோட்டோன் பெர்டானா வி6. பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான். "இன்னுமா இத வெச்சிருக்கீங்க? வித்துட்டு ஒரு மைவி எடுத்துரலாமே." பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சொல்லத் தொடங்கினால் காராக் நெடுஞ்சாலையில் ஓர் இரவையும், 1979இல் தோட்டத்துச் சடக்கில் நடந்த ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஒட்டுக்கடையில் தே தாரே ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை அல்ல. அதனால் "பழகிப்போச்சு" என்று சிரித்து மழுப்பிவிடுவேன். மழுப்பிய பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் காடியைப் பற்றிக் கொஞ்சம். பெர்டானா 1995இல் வந்தது. வி6 அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் பின்னிருக்கையில் சாய்ந்து போன காடி. 2008இல் திரங்கானு மாநில அரசு, பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி பெர்டானாவுக்குப் பதிலாக 14 மெர்சிடிஸ் வாங்கியதும், அதை ஒட்டி நாடு முழுக்க நடந்த சர்ச்சையும் பலருக்கு நினைவிருக்கும். நான் வாங்கியது 2010இல். அமைச்சர் காடி என்னைப் போன்ற ஒருவனுக்கும் எட்டும் விலைக்கு இறங்கியிருந்த நேரம். முன்பக்க மூடியைத் திறந்தால் மிட்சுபிஷியின் 6ஏ12 இயந்திரம். இரண்டு லிட்டருக்குள் ஆறு சிலிண்டர், 24 வால்வு. மெதுவாகப் போகும்போது அது இருப்பதே தெரியாது. நாலாயிரம் சுற்றுக்கு மேல் ஏறும்போது அதன் குரல் மாறும். அந்தக் குரலுக்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

இந்தக் காடியில் இயந்திரம் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. மூன்று சிலிண்டர் முன்வரிசையில், மூன்று பின்வரிசையில். முன்னால் இருக்கும் ஸ்பார்க் பிளக்குகளை யாரும் எளிதில் கழற்றிவிடலாம். பின்வரிசைக்கு மேலே காற்று உள்ளே போகும் பெரிய அலுமினியப் பகுதி கவிந்திருக்கும். அதைக் கழற்றாமல் பின்பிளக்கைத் தொட முடியாது. நான் காடியை வாங்கிய புதிதில் ஒரு பட்டறையில் ஆறு பிளக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு முன்னால் மூன்றை மட்டும் மாற்றித் தந்தார்கள். ஓராண்டு கழித்து வேறொரு ஃபோர்மேன் பின்பக்கத்தைத் திறந்து, கறுத்துத் தேய்ந்துபோன மூன்று பழைய பிளக்குகளை என் உள்ளங்கையில் வைத்தார். "இது யாரும் பாக்காத எடம் தம்பி. அதான் இப்படி."

எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால், கோபப்பட எனக்குத் தகுதியே கிடையாது. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் அந்தக் காடிக்குச் செய்ததெல்லாம் பார்க்கிற இடத்துக்கு மட்டும்தான். பெரிய ரிம் போட்டேன். ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்தினேன். காற்று வடிகட்டி, எக்ஸோஸ் எல்லாம் மாற்றினேன். டியூன் பண்ணுவது என்றால் எனக்கு அதுதான்: இன்னும் கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் சத்தம். பிரேக் ஆயிலை ஒருமுறைகூட மாற்றவில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றினாரா என்றும் கேட்கவில்லை.

அப்பா அப்போது பெந்தோங்கில் என் தம்பி வீட்டில் இருந்தார். ஓய்வுபெற்ற லோரி டிரைவர். ஒருமுறை அவரை முன்னிருக்கையில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனேன். இயந்திரத்தைப் பற்றி, ரிம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிரேக் எப்படி?" என்றார். "நல்லாதாம்பா இருக்கு" என்றேன். எனக்கு உண்மையில் தெரியாது.

இனி அந்த இரவு. 2012ஆம் ஆண்டு. அப்பாவை யார் பார்த்துக்கொள்வது, யார் எவ்வளவு கொடுப்பது என்று தம்பி வீட்டில் ஆரம்பித்த பேச்சு, பழைய கணக்குகளுக்கெல்லாம் போய்ச் சண்டையில் முடிந்தது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். இரவு பதினொரு மணிக்கு மனைவியையும் ஆறு வயது மகனையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மகன் பின்னிருக்கையில் தூங்கிவிட்டான்.

பெந்தோங்கிலிருந்து கோலாலம்பூர் வரும் வழியில் கெந்திங் செம்பா சுரங்கம் வரைக்கும் ஏற்றம். சுரங்கத்தைத் தாண்டினால் கோம்பாக் டோல் வரைக்கும் வளைந்து வளைந்து இறக்கம். சுரங்கத்துக்கு முன்னாலேயே ஒரு பிக்அப் பின்னால் ஒட்டிக்கொண்டு லைட் அடித்தது. வேறொரு நாளாக இருந்தால் இடது பக்கம் ஒதுங்கியிருப்பேன். அன்றைக்குத் தம்பிக்குச் சொல்லாமல் விட்ட பதிலையெல்லாம் அந்த பிக்அப்புக்குச் சொன்னேன். இறக்கத்தில் 150ஐத் தொட்டேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக்கை அழுத்தி, வளைவு முடிந்ததும் மறுபடியும் எண்ணெயை மிதித்தேன். பிக்அப் எப்போதோ பின்தங்கிவிட்டது. நான் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டு முறை என் பெயரைச் சொன்னாள்.

டோலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பிரேக்கை மிதித்தேன். கால் பஞ்சில் இறங்குவதுபோல் தரைவரை போனது. காடி நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. கீரைக் கீழே இறக்கினேன், கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், காலால் மிதித்துக்கொண்டே இருந்தேன். எத்தனையாவது மிதியிலோ கொஞ்சம் பிடி கிடைத்தது. இடது ஓரத்தில் உரசுவதுபோல் போய், டோல் கூடத்துக்கு முன்னால் நின்றது. முன்சக்கரங்களிலிருந்து புகையும் தீய்ந்த வாடையும் வந்தன. எங்களுக்கு முன்னால் அந்தப் பாதையில் ஒரு காடியும் இல்லை. வரிசை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மகன் எழுந்திருக்கவே இல்லை.

நடந்தது என்னவென்று அந்த ஃபோர்மேன் அண்ணன்தான் விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் 230 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த அளவு 155க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் அடுத்தடுத்து அழுத்தும்போது சூடு ஏறி உள்ளே இருக்கிற ஆயில் கொதிக்கும், குமிழி வரும். திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். சாதாரண நாளில் மார்க்கெட்டுக்குப் போய் வரும்போது இது தெரியவே தெரியாது. என் காடியிலிருந்து வடித்த ஆயில் கோப்பி நிறத்தில் இருந்தது. "ஓடறதுக்கு இவ்ளோ செலவு பண்ணியிருக்க தம்பி. நிக்கறதுக்கு ஒன்னும் பண்ணலியே" என்றார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் நன்றாகத் தூங்கினேன். பயம் இரண்டு நாளில் போய்விட்டது. தம்பியோடும் சமாதானமானேன். ஒருவன் தன் குடும்பத்தையும் முன்பின் தெரியாதவர்களையும் கொல்லும் அளவுக்கு அலட்சியமாக இருந்துவிட்டு இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட முடிந்தது. எப்படி என்று கேட்டால் காரணம் ஒன்றுதான்: ஒன்றும் நடக்கவில்லை.

1979இல் அப்பாவுக்கு ஒன்று நடந்தது. அப்போது எனக்கு எட்டு வயது. அவர் தோட்டத்தில் பால் லோரி ஓட்டினார். காலையில் லோரியை எடுப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை சுற்றி வருவார். கட்டையால் டயரைத் தட்டிப் பார்ப்பார். குனிந்து அடியில் பார்ப்பார். ஏறி உட்கார்ந்து மூன்று முறை பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்போம். அந்த நாளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு போனார். லயத்துக்கு இடையிலிருந்து சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஒரு பையன் சடக்குக்கு ஓடிவந்தான். லோரி மெதுவாகத்தான் வந்தது, பிரேக்கும் பிடித்தது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நிற்பதற்கு இடம்தான் இல்லை.

போலீஸ் வந்து பார்த்துவிட்டு அப்பா மேல் தப்பில்லை என்றார்கள். துரை சொன்னார், கிராணி சொன்னார். பையனின் தாயே, "உங்க மேல தப்பில்லண்ணே" என்று அழுதுகொண்டே சொன்னதாக அம்மா சொல்வார். அப்பா யாரையும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டுக்குத் துணி வாங்கிக்கொண்டு போனார். அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் போன பிறகும் தேடிப் போனார். அம்மா ஒருமுறை, "நீங்க ஒன்னும் பண்ணலியே, ஏன் இப்படி?" என்று கேட்டபோது, "நான்தான ஓட்டுனேன்" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, தற்செயலாக, பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகளைப் படிக்க நேர்ந்தது. 1976இல் இருவரும் ஒரே தலைப்பில் எழுதினார்கள். நம் ஒழுக்கத்தை மதிப்பிடுவதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டா என்பதுதான் கேள்வி. இருவரும் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று லோரி டிரைவர். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

வில்லியம்ஸின் டிரைவர் எந்தத் தப்பும் செய்யாதவன்; ஒரு குழந்தை அவன் வண்டியில் அடிபட்டுவிடுகிறது. அவன் வேதனை, பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் வேதனையிலிருந்து வேறுபட்டது என்கிறார். அது தன் கையால் நடந்ததற்கு வருந்துவது. நாம் எல்லாரும் அவனிடம் "உன் தப்பில்லை" என்று சொல்ல வேண்டும், சொல்வதுதான் சரி. ஆனால் அவன் அதை உடனே ஏற்றுக்கொண்டு இயல்பாகிவிட்டால் அவனைப் பற்றி நமக்கு ஒரு சந்தேகம் வரும் என்கிறார். அப்பாவின் தீபாவளித் துணிகளை எனக்கு முதன்முதலில் புரிய வைத்தது இந்த இடம்தான். அதுவரைக்கும் அதை அவருடைய பலவீனம் என்று நினைத்திருந்தேன்.

நேகல் அந்த டிரைவருக்கு ஒரு சின்னத் தப்பைச் சேர்க்கிறார். அவன் பிரேக்கைச் சோதித்துப் பார்க்காமல் விட்டிருக்கிறான். குழந்தை குறுக்கே வந்தால் அவன் அந்த மரணத்துக்குக் காரணமானவன், காலம் முழுக்கத் தன்னையே பழித்துக்கொள்வான். குழந்தை வராவிட்டால்? அலட்சியம் அதேதான், பிரேக் அதேதான். ஆனால் அவன் தன்னைப் பெரிதாகப் பழித்துக்கொள்ள மாட்டான். குழந்தை குறுக்கே வருவதும் வராததும் அவன் கையில் இல்லை. கையில் இல்லாத ஒன்று எப்படி ஒருவனைக் குற்றவாளியாகவும் இன்னொருவனைச் சாதாரண மனிதனாகவும் ஆக்குகிறது?

இதற்கு எளிமையான ஒரு பதில் உண்டு. காண்ட் சொல்வதுபோல், நல்ல மனம் என்பது பலனைப் பொறுத்ததல்ல; அது தன்னளவிலேயே மதிப்புள்ளது. அப்படிப் பார்த்தால் கணக்கு தெளிவு. அப்பா குற்றமற்றவர். நான், ஒன்றும் நடக்காவிட்டாலும், குற்றவாளி. ஆனால் வாழ்க்கை அப்படி நடக்கவில்லை. குற்றமற்றவர் சாகும்வரை அதைச் சுமந்தார், குற்றவாளி இரண்டு நாளில் மறந்தான். அப்பாவிடம் போய் "காண்ட் கணக்குப்படி நீங்க சுத்தம்" என்று சொல்வது பொய்யாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. என்னிடம் வந்து யாராவது "நீயும் கொலைகாரன்தான்" என்று சொன்னால் அதையும் என்னால் முழுசாக ஏற்க முடியாது. அந்த டோல் பாதை காலியாக இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. நம் மொழியில் இதற்கு ஊழ் என்று பெயர் வைத்து, அதற்கு மேல் கேட்காமல் நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. நான் அங்கே நிறுத்த முடியவில்லை.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். முன்கூட்டியே செய்யும் கவனம் ஊழிலிருந்து நம்மைக் காப்பாற்றாது. அப்பா மூன்று முறை பிரேக்கை மிதித்துப் பார்த்த அந்தக் காலையில்தான் அந்தப் பையன் ஓடிவந்தான். ஆனால் கெட்டது நடக்கும்போது அது நமக்குள் என்னவாக இறங்கும் என்பதை அந்தக் கவனம்தான் தீர்மானிக்கிறது. அப்பாவுக்கு இருந்தது துக்கம். கனமான துக்கம், ஆனாலும் தலைநிமிர்ந்து அந்த வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்த துக்கம். கோம்பாக்கில் வரிசை நின்றிருந்தால் எனக்கு வந்திருப்பது அது அல்ல. நான் யார் வீட்டு வாசலுக்கும் போயிருக்க முடியாது.

இன்னொரு விஷயமும் அந்த இரவில் உடைந்தது. அதற்கு முன்பு 110ஐத் தாண்டாமல் நெடுஞ்சாலையில் போகும்போது எனக்குள் ஒரு பெருமை இருக்கும். இன்னும் ரொம்பத் தூரம் போக முடிகிற காடியை அடக்கி ஓட்டுகிறேன் என்று. வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறள் இதைத்தானே சொல்கிறது என்றுகூட நினைத்திருக்கிறேன்: கோபம் பலிக்கக்கூடிய இடத்தில் அதை அடக்குவதுதான் அடக்கம், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன. வேகமில்லாத காடி மெதுவாகப் போவதில் என்ன சிறப்பு? எனக்கு வசதியான வாசிப்பு. உண்மையில் கோபம் பலிக்கக்கூடிய இடம் ஒன்று கிடைத்தபோது, என் அடக்கம் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. அந்த நேரத்தில் அடக்கிக்கொள்வேன் என்று என்னை நம்பியதுதான் தப்பு. மனிதனுக்கு எப்போதாவது அப்படி ஓர் இரவு வரும். அந்த இரவுக்கான பிரேக்கை அந்த இரவில் போட முடியாது. ஏதோ ஒரு சனிக்கிழமை மத்தியானம், யாரோடும் சண்டை இல்லாதபோது, பட்டறையில் போட்டு வைத்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் நேர்மையான முடிவு காடியை விற்பதுதானே என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். புதிய காடிகளில் வழுக்கும்போது தானே திருத்திக்கொள்ளும் கருவிகளும், பக்கவாட்டுக் காற்றுப்பைகளும் இருக்கின்றன. என்னுடையதில் இல்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. 2009இல் அரசாங்கம், 15 வயதைத் தாண்டிய காடிகள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது. எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். அப்போது என்னிடம் இருந்தது 1980களின் சாகா. ஏழைகள் வயிற்றில் அடிக்கிறார்கள் என்று பேசினேன். பேசியதில் பாதி இன்றைக்கும் உண்மை. பழைய காடி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஆசைக்காக ஓட்டுவதில்லை. வேறு வழியில்லாமல் ஓட்டுகிறார்கள். மாதக் கடைசியில் பிரேக் பேடா, பிள்ளையின் பள்ளிச் செலவா என்று வந்தால் எது தள்ளிப்போகும் என்று நமக்குத் தெரியும். அலட்சியம் என்று நாம் சொல்வதில் பாதி சம்பளப் பிரச்சினை. ஆனால் நான் அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. ரிம்முக்குக் காசு இருந்தது. ஆயிலுக்கு மனம் இல்லை.

அதற்குப் பிறகு டியூன் பண்ணுவது என்ற வார்த்தைக்கே எனக்கு அர்த்தம் மாறியது. வீணைக்குச் சுருதி சேர்ப்பது சத்தத்தைக் கூட்ட அல்ல. ஆஃப்கட் கடையில் தேடி, கேலண்ட் விஆர்-4இலிருந்து கழற்றிய இரட்டைப் பிஸ்டன் காலிப்பர்களை வாங்கி முன்னால் போட்டேன். நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஹோஸ் மாற்றினேன். தாழ்த்திய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பழைய உயரத்துக்கே திரும்பினேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயில், தவறாமல். பிளக் மாற்றும்போது பின்வரிசை மூன்றையும் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். இவை எதுவும் வெளியே தெரியாது. காடி முன்பைவிட வேகமாக ஓடவில்லை, முன்பைவிடச் சத்தம் குறைவு. நண்பர்கள் "என்ன, மாடிஃபை எல்லாம் விட்டுட்டியா?" என்கிறார்கள். இதைச் செய்ய இந்தக் காடிதான் வேண்டுமா என்றால், எந்தக் காடியிலும் செய்யலாம். ஆனால் இந்தக் காடி என்னை மறக்கவிடுவதில்லை. புதியதாக இருந்தால் நான் மறுபடியும் தூங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அப்பா 2016இல் இறந்தார். காராக் இரவைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம். தப்பு இருந்தும் தப்பித்தவன் தன்னிடம் வந்து அழுவதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மகனுக்கு இப்போது 19 வயது. லைசன்ஸ் எடுத்து ஓராண்டாகிறது. போன மாதம் சாவியைக் கேட்டான். "ஒரு நாள் மட்டும்பா. ஃபிரெண்ட்ஸோட கெந்திங் போயிட்டு வந்துர்றேன்." கொடுக்கிறேன், முதலில் சனிக்கிழமை என்னோடு பட்டறைக்கு வா என்றேன். பிரேக் ஆயில் மாற்றும் முறை வந்திருந்தது. அவனை டிரைவர் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நிப்பிளில் ஸ்பானரைப் போட்டுக்கொண்டு படுத்தேன். "அமுக்கு. புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத." திறந்தேன், பழைய ஆயில் குழாய் வழியாக பாட்டிலுக்குள் இறங்கியது. மூடினேன். "இப்ப விடு."

இரண்டாவது சக்கரத்தில் தாத்தாவின் கதையைச் சொன்னேன். மூன்றாவதில் காராக் இரவைச் சொன்னேன். முகம் பார்க்காமல் சொல்வதற்குக் காடிக்கு அடியில் படுத்திருப்பது வசதியாக இருந்தது. பெடலிலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை.

"அப்ப நான் எங்க இருந்தேன்?" என்றான்.

"பின்னால. தூங்கிக்கிட்டு இருந்த."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் நாலாவது சக்கரத்துக்குப் போய் ஸ்பானரைப் போட்டேன். அவன் கேட்காமலேயே பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "தொறங்கப்பா" என்றான்.